பெயர் சொல்லி எழுப்பாத நாள்

போன கிழமை கல்லூரி மண்டபத்துக்குள் நுழைந்ததும் சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது. வாசலிலேயே நின்றுவிட்டேன். மாணவர்கள், நாங்கள் இங்கே படித்த காலத்தில் போட்ட நம்முடைய நாடகத்தின் கடைசிக் காட்சியைப் பழகிக்கொண்டிருந்தார்கள். மேடை நடுவில் முதலாம் வருடப் பிள்ளை ஒன்று கண்ணை மூடிக் கிடந்தது. சுற்றிவர மற்றப் பிள்ளைகள் கடலாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்த்துச் சரிபிழை சொல்ல வேண்டியவள் நான்தான். நான் இப்போது அங்கே நடனம் படிப்பிக்கிறேன் என்று சொன்னால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அந்த நேரம் எனக்குத் தாளமும் தெரியவில்லை, அடவும் தெரியவில்லை. கிடந்த பிள்ளையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் போய்வந்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அதை வேறு யாரிடமும் சொல்ல ஏலாமல் இருக்கிறது.

அந்த வேடம் உனக்கு எப்படி வந்தது என்பது நினைவிருக்கும். உனக்கு ஆட வராது. இரண்டு வருடமும் நடனக் குழுவில் விடாமல் வந்து நின்றாய், ஒரு ஜதித் தீர்மானத்தைக்கூடத் தாளத்தில் நேராக முடித்ததில்லை. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று நான் சீண்டினால், "மேடை நேர்தானடி, என்ர கால்தான் கோணல்" என்று நீயே முந்திக்கொள்வாய். ஆனால் நாடகத்தை விட்டு உன்னை விலக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதனால் நாடகம் பழக்கிய சேர் உனக்குக் கடலில் போய்ப் பிணமாகக் கரையொதுங்கும் பெட்டையின் வேடத்தைத் தந்தார். முதல் பாதியில் நீ பேசுவாய், சிரிப்பாய், தகப்பனைத் தேடித் தோணி எடுப்பாய். மறு பாதி முழுக்கக் கிடப்பாய். நாங்கள் உன்னைச் சுற்றி அலையாகவும் ஒப்பாரி வைக்கும் பெண்களாகவும் ஆடுவோம்.

கிடப்பதில் உன்னை வெல்ல ஆளில்லை. பழகும்போது ஒருநாள் கட்டெறும்பு ஒன்று உன் கண் இமைமேல் ஏறிப் போனது, நீ அசையவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது மேளக்காரரே துள்ளிவிட்டார், நீ துள்ளவில்லை. வாசலால், ஊருக்குள் திரிகிற மான் ஒன்று எட்டிப் பார்த்ததில் நாங்கள் எல்லோரும் ஆட்டத்தை விட்டுச் சிரித்தபோதும் நீ செத்தபடியே கிடந்தாய். பிறகு எழும்பி, "மான் வடிவா இருந்ததோ?" என்று கேட்டாய்.

கூத்துக்காரரிடம் பழகிய சேர் ஒரு வழக்கத்தை எங்களிடம் கொண்டுவந்திருந்தார். "செத்த வேசம் போட்ட ஆள் தானா எழும்பக்கூடாது. சொந்தப் பேரைச் சொல்லி மூண்டுதரம் கூப்பிட்டு எழுப்ப வேணும். வாயில சீனி போட வேணும். இல்லாட்டி வேசம் ஆளை விடாது," என்பார். அதை அவர் பயமுறுத்துவதுபோலச் சொல்வதில்லை, முகத்தைக் கழுவு என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். ஒவ்வொரு முறை பழகி முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து சீனி சுற்றிய கடதாசிச் சரையை எடுத்துக்கொண்டு வந்து உன் தலைமாட்டில் குந்துவார். உன் பெயரைக் கூப்பிடுவார். முதல் இரண்டு தரமும் வேண்டுமென்றே கிடந்து, மூன்றாவதற்கு வாயைத் திறப்பாய். எங்களுக்கு அது நாடகத்தைவிடப் பெரிய பகிடி.

மேடையேற்றிய நாளில் அது நடக்கவில்லை. பிரதம விருந்தினருக்கு வேறெங்கோ போக வேண்டி இருந்ததாம். கடைசிப் பாட்டு முடிந்த கையோடு, திரையும் விழாமல், மாலையோடு மேடையில் ஏறிவிட்டார்கள். சேரை இழுத்து நடுவில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கி வந்தது, பேச்சுத் தொடங்கியது. நீ விருந்தினரின் சப்பாத்துக் காலுக்குப் பக்கத்தில் கிடந்தாய். சபையில் யாரோ சிரிக்கத் தொடங்கவும், நீ மெல்ல உருண்டு, நாலுகாலில் தவழ்ந்து பக்கத் திரைக்குள் வந்துசேர்ந்தாய். எங்களுக்குச் சிரித்து வயிறு நொந்தது. நீயும் சிரித்தாய். "என்ர உயிர் இன்னும் மேடையில கிடக்குப்போல. ஆராவது எடுத்துக்கொண்டு வாங்கோவன்," என்றாய்.

அடுத்த மாரியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, எனக்கு இப்போது சரியாக நினைவில்லை, நீ இல்லை. அந்த மாரியில் ஊரில் எத்தனையோ வீட்டில் டெங்கு. உன்னைப்போலக் காய்ச்சலில் கிடந்த மற்றவர்கள் ஒருவரும் நாடகத்தில் நடிக்கவில்லை. இதை நான் எனக்கே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

இப்போது பிள்ளைகள் அந்த நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். உன் நினைவாகப் போட வேண்டும், உன் அம்மாவை முன் வரிசையில் இருத்த வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. அதைக் கேட்டுவரத்தான் ஞாயிறன்று குச்சவெளி பஸ்ஸில் ஏறிச் சாம்பல்தீவில் இறங்கினேன்.

உன் அம்மா மெலிந்துபோனார். "இரும் பிள்ளை" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி தந்தார். நான் நாடகத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல, தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அண்டைக்கு அவளைப் பேர் சொல்லி எழுப்பினவையோ?"

அவருக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒருத்தரும் எழுப்பவில்லை என்று தாயிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மிச்சக் காலம் முழுக்க அந்த மேடையை நினைத்தே அவர் சாவார் என்று பட்டது. பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

"ஓம் அம்மா. சேர் எழுப்பினவர். சீனியும் போட்டவர்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"நீர் நல்ல பிள்ளை. ஆனா அவள் வீட்டை வந்து எல்லாம் சொன்னவள். ஒருத்தரும் எழுப்பேல்லை, தவண்டு வந்தனான் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவள். எனக்குச் சிரிப்பு வரேல்லை. உதிலை, அந்தப் பாயில படுக்கச் சொன்னனான். உங்களுக்கு விசரோ அம்மா எண்டு கேட்டுக்கொண்டுதான் படுத்தவள். நான்தான் மூண்டுதரம் கூப்பிட்டனான். குசினிக்குள்ள போய்ச் சீனி எடுத்துக்கொண்டு வந்து போட்டனான்."

இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிப் பகிடி பண்ணுகிறவள், இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? உன் அம்மாவை நினைத்து நாங்கள் சிரித்துவிடுவோம் என்று நினைத்தாயா? சிரித்திருப்போம்தான்.

உன் அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "மேடையில வைச்சுத்தான் எழுப்ப வேணுமோ, பிள்ளை? வீட்டில எழுப்பினா அது சரிவராதோ? நான் பிந்திப்போனனோ?"

டெங்கு அம்மா, நுளம்பு கடிச்சது அம்மா என்று வாய் வரைக்கும் வந்தது. அது அவருக்குத் தெரியாததில்லை. ஆசுபத்திரியில் உன் கட்டிலோடு இருந்தவர் அவர்தான். அவர் கேட்டது நோயைப் பற்றி அல்ல. இத்தனை காலமும் அந்தப் பாயையும் சீனியையும் தன் பிழையாகவே வைத்திருந்திருக்கிறார். மேடையில் ஒருவரும் எழுப்பவில்லை என்றால் அவர் உடைந்துபோவார் என்று பயந்து நான் பொய் சொன்னேன். அவருக்கோ மேடையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. தான் கூப்பிட்டது போதவில்லை என்பதுதான் அவருடைய துக்கம்.

"சரிவரும் அம்மா," என்றேன். "பெத்தவ கூப்பிட்ட பிறகு வேற ஆர் கூப்பிட வேணும்?"

"அப்ப ஏன் அவள் என்னோட நிக்கேல்லை?"

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அதையே எடுத்துக் குடித்தேன். வெளியே யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். போக எழும்பியபோது, நாடகத்துக்கு வருவீர்களா என்று மறுபடி கேட்டேன். தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. பிறகு படலை வரைக்கும் என்னோடு வந்தார்.

"இப்ப அந்த வேசம் போடுற பிள்ளைக்குத் தாய் இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

"ஓம், இருக்கிறா. குறிஞ்சாக்கேணியில."

"அப்ப அவவைக் கூப்பிட்டு முன்னுக்கு இருத்துங்கோ. ஆடி முடிஞ்சதும் அவவை மேடையில ஏத்தி, அதிலேயே வைச்சு எழுப்பச் சொல்லுங்கோ. மாலை, பேச்செல்லாம் பிறகு பாக்கலாம்." என் கையைப் பிடித்தார். "வீட்டை வாற வரைக்கும் விடவேண்டாம், பிள்ளை."

ஓம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அப்படியே செய்வேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவர் என் கையைப் பிடித்துச் சொன்ன அந்தச் சொல்லோடுதான் இப்போது நடமாடுகிறேன். சரிவரும் என்று நான் சொன்னதை உன் அம்மா நம்பவில்லை.