காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

அன்புள்ள மெர்லுக்கு,

நம் பையனின் அடக்கம் முடிந்த அன்று நீ சொன்னபடியே அவனுடைய லிபர்ட்டி காரைக் காயலான் கடைக்காரன் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பின்பக்கம்தான் நசுங்கியிருந்தது. எஞ்சினை நான் கொடுக்கவில்லை.

அதை என் பழைய சுபாரு பிரம்பி வண்டியில் பொருத்திவிட்டேன். கியர்பாக்ஸோடு பொருந்த இடையில் ஒரு தகடு வைத்தேன். வேண்டாத வயர்களைப் பிரித்து வெட்டவே மூன்று வாரம் ஆனது. இங்கே இன்னும் மழை இல்லை.

குளிரில் முதல் இரண்டு நிமிடம் பிஸ்டன் டொக் டொக்கென்று தட்டுமே, அது அப்படியேதான் இருக்கிறது. பக்கத்துப் பண்ணை நெவில் கேட்டுவிட்டுத் திட்டினான்.

"யோவ், எஞ்சின் வெளிய கிடந்தப்பவே பிஸ்டனை மாத்தியிருக்கலாம்ல, சோம்பேறி!"

"மறந்துட்டேன்யா."

மறக்கவில்லை. புது பிஸ்டன்கள் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன.

"சூடாகட்டும்டா, அப்புறம் கிளம்பு!" என்று சமையலறை ஜன்னலிலிருந்து நம் பையனைப் பார்த்துக் கத்துவாய். நானும் இப்போது சத்தம் நிற்கும்வரை கிளம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நீ இப்போது இருக்கும் உன் அக்கா வீட்டுக்கு நான் வரலாமா? நாலு மணி நேர ஓட்டம், வந்து சேரும்போது எஞ்சின் சூடாக இருக்கும், உனக்கு ஒன்றும் கேட்காது. ராத்திரி தங்கச் சொன்னால்தான் காலையில் கேட்கும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்