கிளச் கருகும் வாசனை

மார்ச் 3, 1948. மாதுங்கா

மாலையில் காரில் செம்பூருக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போனேன். சயானில் மாட்டு வண்டி, லாரி, பஸ் எல்லாம் ஒரே அடைசல். நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. மறுபடியும் அந்தக் கருகல் வாசனை. அங்கே இருக்கும் தன் அக்காவைப் பார்க்கக் கூட வந்த விஜயம் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன்னா, ஏதோ தீயறதே!"

டாக்டர் புருஷனுக்கு மூக்கு இல்லை என்று அவள் நினைப்பு.

மார்ச் 5

தாராவியில் அப்துல் ரவூப்பின் ஒர்க்‌ஷாப். கிளச்சைக் கழற்றினார்.

"போன மாசம் போட்ட கிளச் தட்டு, அதுக்குள்ள கருகிட்டுதே! உலகச் சண்டைக்கு அப்புறம் வர்ற சாமானே இப்படித்தான் டாக்டரய்யா. மாத்தித் தாறேன்."

"வேலை சுத்தமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். கார் இல்லாவிட்டால் செம்பூர் நோயாளிகள் வேறு டாக்டரைத் தேடிக்கொள்வார்கள். என் தொழிலில் பாதி அங்கேதான்.

மார்ச் 9

பஸ்ஸிலும் நடையிலும் விஸிட். பூட்ஸ் இறுக்குகிற மாதிரி இருக்கிறது. செருப்புக்கு மாறினேன்.

மார்ச் 13

கார் வந்தது. புதுத் தட்டு.

மார்ச் 17

வாசனை.

மார்ச் 20

ரவூப்பின் தாயார் சைனப்புக்கு ஜுரம் என்று ஆள் வந்தது. திட்டின பிறகும் என்னைத்தான் கூப்பிடுகிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மலேரியா. மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, தாராவியின் நெரிசலில் ஊர்ந்து வீடு வந்தேன்.

விஜயம் கதவைத் திறந்தாள். "இடது கால் செருப்பு எங்கேன்னா?"

குனிந்து பார்த்தேன். வெறுங்கால். சந்து முழுக்க நடந்திருக்கிறேன், வெறுங்காலால் கிளச்சை மிதித்திருக்கிறேன். தெரியவில்லை.

"செருப்பு கழன்றால் தெரிகிறதா?" சர்க்கரை நோயாளிகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது.

மார்ச் 21

என் சிறுநீரையே சோதித்தேன். சோதனைக் குழாயில் நீலம் செங்கல் சிவப்பாக மாறியது. சர்க்கரைதான், சந்தேகமில்லை.

மார்ச் 22

ரவூப் அந்த ஒற்றைச் செருப்பைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். "அய்யா, இதை விட்டுட்டு வந்துட்டியளே!"

சொல்லிவிட்டேன். தட்டில் குற்றமில்லை, வேலையிலும் இல்லை. நான் எடுத்ததாக நினைத்த கால் கிளச்சின் மேலேயே கிடந்திருக்கிறது. டீ கொடுத்தோம்.

மார்ச் 24

இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்று காரை எடுத்தேன். ஏன் எடுத்தேன்? வீம்பு, வேறென்ன. கிங்ஸ் சர்க்கிளில் காலைப் பார்த்தால் ரோடு தெரியவில்லை, ரோடைப் பார்த்தால் கால் எங்கே என்று தெரியவில்லை. கிளச்சிலிருந்து கால் வழுக்கி வண்டி துள்ளியது. முன்னால் பூக்கூடைக்காரி. ஒரு சாண்தான் — ஐயோ, ஒரு சாண்! அவள் திட்டினாள். திட்டட்டும்.

சாவியை விஜயத்திடம் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே மதராஸில் அவள் அண்ணா கார் ஓட்டக் கற்றுக் கொடுத்திருக்கிறார். நான்தான் இத்தனை வருஷம் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை.

"நிஜமாவா?" என்றாள்.

ஏப்ரல் 19

செம்பூர் விஸிட். விஜயம் ஓட்டினாள். சயானில் பழைய அடைசல். மாட்டு வண்டிக்காரனை அவள் ஹிந்தியில் ஒரு பிடி பிடித்தாள். நின்று நின்று போனோம். கருகல் வாசனை இல்லை.

பாதி வழியில் தற்செயலாகக் குனிந்தேன். வண்டி நிற்கும்போதெல்லாம் என் இடது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. பார்த்ததால் தெரிந்தது.