சின்னவளுக்கு விழாத அடி

செவ்வாய்க்கிழமை, கீரனூர்.

பெரியவளை இன்று அடித்துவிட்டேன். கை இன்னும் எரிகிறது.

சின்னவளுக்குச் சிறுநீரகம் கெட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் உப்பில்லை. அவள் பார்க்க மற்றவர்கள் ருசியாகச் சாப்பிடக் கூடாது என்று நான் போட்ட சட்டம். சாயங்காலம் வேலை முடிந்து திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், கொல்லையில் பெரியவள் ஊறுகாய் பாக்கெட்டை நக்கிக்கொண்டிருக்கிறாள். எதிரே சின்னவள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. பெரியவள் முதுகில் ரெண்டு வைத்தேன்.

"அக்காவ அடிக்காதம்மா. நாந்தான் திங்கச் சொன்னேன். எப்புடி இருக்குன்னு அவ சொல்லுவா, நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்" என்றாள் சின்னவள்.

ஓங்கிய கையை இறக்கினேன். அவள் விடவில்லை.

"தப்பு என் மேலதானே? என்னைய ஏன் அடிக்க மாட்டேங்கிற?"

நோய் வருவதற்கு முன்பு முதல் அடி அவளுக்குத்தான் விழும். அவ்வளவு சேட்டை. அடுப்படிக்குப் போய்விட்டேன். ராத்திரி மூன்று பேரும் உப்பில்லாத ரசத்தைச் சாப்பிட்டோம்.

விளக்கை அணைத்த பிறகு பக்கத்து அறையில் சின்னவள் அக்காவிடம் குசுகுசுவென்று கேட்டது காதில் விழுந்தது.

"அம்மா அடிச்சது ரொம்ப வலிச்சுச்சாக்கா? எப்புடி இருந்துச்சு, சொல்லு."