குங்குமம் வைத்த குழிமூடி

உயிரோடு இருந்தவரை என் உயிரை வாங்கிய அருமைச் சகலை மாசிலாமணிக்கு,

இந்தக் கடிதத்தில் ஒரு கதை சொல்லப் போகிறேன். ஒருவரும் நம்பப் போவதில்லை. தாராவியில் இருக்கிற அத்தனை பிள்ளையார் மேலும் ஆணையாகச் சொல்கிறேன், எழுதுகிற எனக்கே நம்பிக்கை வரவில்லை. நீர் மட்டும் நம்பும். போய்ச் சேர்ந்த இடத்தில் உமக்கு வேறு என்ன வேலை?

முதலில் இங்கத்துச் செய்தி. தாதர் டிராமை நிறுத்திவிட்டார்கள். உம் மகள் செல்வி எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். "சித்தப்பா, அப்பா மாதிரி கணக்கு சொல்லித் தாங்க" என்கிறாள். அப்பா மாதிரி! கவனித்தீரா? என் வீட்டில் அடுப்பு புகைந்தாலும், "அத்தான் இருந்தா ஒரு நிமிசத்துல சரி பண்ணியிருப்பாவ" என்கிறாள் உம் கொழுந்தியாள், அதாவது என்னைக் கட்டியவள். உம் படத்துக்குத் தினமும் மல்லிகைப் பூ. உயிரோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு நேற்று வைத்த ரசம். நீர் இருந்தபோது உம்மேல் எனக்கு ஒரு கூடைப் பொறாமைதான் இருந்தது. நீர் போய் இந்த இரண்டு வருஷத்தில் அது ஒரு கூட்ஸ் வண்டி நிறையச் சேர்ந்துவிட்டது.

இனி கதை. மாட்டுங்காவில் நீர் கட்டி ஆண்ட கட்டடம்தான். உமக்குப் பிறகு அங்கே குழாய் வேலையை நான் பார்க்கிறேன். அந்த வேலை நம் குடும்பத்தின் கையில் இருக்கும்வரை மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் மதினியும் செல்வியும் குடியிருக்கலாம் என்பது கட்டடக்கார சேட்டின் ஏற்பாடு. அந்த அறை எவ்வளவு பெரியது என்று உமக்குத் தெரியும். நீர் காலை நீட்டினால் கதவு திறந்துகொள்ளும். ஆனாலும் அறை அறைதானே.

போன வாரம் நிலவறையிலிருக்கும் கழிவுநீர்க் குழி பொங்கிவிட்டது. பம்பு ஓடுகிறது, தண்ணீர் மேலே ஏறவில்லை. நாற்றம் கிளம்பிப் போய் மாஹிம் கழிமுகத்தைத் தொட்டதாம். கழிமுகமே மூக்கைப் பொத்திக்கொண்டதாம். சேட் படியில் நின்றபடி கத்தினார்: "மணி ஹோதா தோ பந்த்ரா மினிட் கா காம்!" மணி இருந்தால் கால் மணி நேர வேலையாம். சாயங்காலத்துக்குள் பம்பு தண்ணீரைத் தள்ளாவிட்டால் மறுநாள் செம்பூரிலிருந்து வேறு மிஸ்திரி வருவான், குடும்பத்தோடு. அறையைக் காலி செய்துவிட வேண்டும்.

இரும்பு மூடி. எட்டு போல்ட்டு. எட்டும் துரு. துருவென்றால் சாதாரணத் துருவா? அதைச் சுரண்டி எடுத்தால் தாதரிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் தண்டவாளம் போடலாம். தாராவி அடுப்புகள் ஒரு மாதம் குடிக்கிற மண்ணெண்ணெயை ஊற்றினேன். அரை மணி நேரம் ஊறவிட்டேன். ஆறடி ஸ்பானரில் தொங்கினேன். சுற்றிலும் மூவாயிரம் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

ஏன் இப்படித் துருப்பிடித்தது என்று கேட்கிறீரா? அதைச் சொல்லத்தான் பேனா தயங்குகிறது. நீர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த மூடியைக் கழற்றுவீர். போல்ட்டுகளைத் துடைத்து கிரீஸ் தடவி மாட்டுவீர். அதன் பிறகுதான் மூடிக்குச் சந்தனமும் குங்குமமும். கட்டடமே கையெடுத்துக் கும்பிடும். எனக்கு வயிறு எரியும். சாக்கடை மூடியைக்கூடச் சாமியாக்கிவிட்டாரே இந்த மனுஷன்!

நீர் போன பிறகு இரண்டு ஆயுத பூஜைக்கும் நான்தான் நிலவறைக்கு இறங்கினேன். உம்மைவிடப் பெரிய பொட்டாக வைத்தேன். ஒரு மாலையும் போட்டேன். ஆனால் மூடியைக் கழற்றவில்லை. கிரீஸ் தடவவில்லை. பொட்டைத்தானே எல்லோரும் பார்க்கிறார்கள், கிரீஸை யார் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். துரு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, சகலை.

மேலே ஏறி நின்று மிதித்தேன். முதல் போல்ட்டின் தலை முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. "டூட் கயா!", உடைந்துபோச்சு என்று சேட் தலையில் கை வைத்தார். கூட்டத்தில் யாரோ, "மணி மிஸ்திரி கை பட்டா போல்ட்டே தானா வந்திரும்" என்றான். அவனையும் குழிக்குள் தள்ளி மூடியிருப்பேன், மூடி திறந்திருந்தால்.

அப்போதுதான் மதினி டீயோடு படியிறங்கி வந்தாள். காலையில் நான் இறங்கி வரும்போதே மேலே அறைக் கதவு திறந்திருந்தது; உள்ளே டிரங்குப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்ததைப் பார்த்துவிட்டேன்.

"தம்பி, ஜாடி மூடி இறுகிக்கிட்டா அவிய மொதல்ல இன்னும் ஒரு நூல் இறுக்குவாவ. பெறவுதான் தொறப்பாவ."

"மதினி, ஊறுகாய் ஜாடியும் இதுவும் ஒண்ணா?"

"நான் ஒண்ணும் சொல்லல. டீ ஆறிரும்."

அந்த வித்தையைத்தான் வே நான் இருபது வருஷம் கேலி செய்தேன்! 'தொறக்கிறதுக்கு எவனாவது இறுக்குவானா, உம்ம மூளையைத் திருப்பி மாட்டியிருக்காவ' என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் நான். இப்போது இத்தனை பேர் முன்னால் அதையே செய்வதா? மூன்றாவதும் முறிந்தாலும் முறியட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். உடனே அந்தக் கயிறு கட்டிய பெட்டி நினைவுக்கு வந்தது.

டீயைக் குடித்தேன். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஸ்பானரை மாட்டி ஒரு நூல் இறுக்கினேன். துருவுக்குள் "டிக்" என்று ஒரு சத்தம். பிறகு திருப்பினேன். வந்தது. கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை திரும்பி வருகிற மாதிரி, முனகிக்கொண்டே வந்தது. ஆறும் வந்தன. முறிந்த இரண்டால் மூடியைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

மூடியைத் தள்ளியதும், குழி வாயு பற்றிக்கொள்ளும் என்று யாரையும் ஒரு பீடிகூடப் பற்றவைக்க விடவில்லை. அதற்கும் நீர் கத்துவீரே. காற்றாட வெகுநேரம் விட்டுக் கொக்கியைப் போட்டு இழுத்தேன். பம்பின் வாயில் தேங்காய் நார்! தரைத்தளத்து மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்த நார் மொத்தமும். நாகர்கோவில் தோப்புகளையே உரித்து உள்ளே போட்டிருந்தார்கள். உருவி எறிந்ததும் பம்பு ஒரு விக்கல் விக்கித் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தது.

சேட் என் முதுகில் தட்டினார். ஆகா, எனக்கும் ஒரு காலம் வந்தது என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "ஷாபாஷ்! பில்குல் மணி ஜைசா!" என்றார். அச்சாக மணி மாதிரியாம்! வேலை செய்தவன் நான், பெயர் வாங்கியவர் நீர். செத்தும் இப்படிப் பண்ணலாமா? இதற்கு உம் பதில் என்ன?

மதினி மேலே போய்ப் பெட்டிக் கயிற்றை அவிழ்த்து, அதிலேயே துணி காயப்போட்டுவிட்டாள்.

இனி வாக்கு. முறிந்த இரண்டுக்கும் துளை போட்டுப் புது போல்ட்டு மாட்டிவிட்டேன். எட்டுக்கும் கிரீஸ். வருகிற ஆயுத பூஜையிலிருந்து முதலில் கிரீஸ், பிறகுதான் பொட்டு. பொட்டும் உம்முடைய அளவுக்குச் சின்னதாகவே வைப்பேன். அந்த அறையில் மதினியும் செல்வியும் இருப்பார்கள். அதற்கு நான் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. மூவாயிரம் பேர் இல்லை, ஏழு பேர், ஒரு பூனை. ஸ்பானர் ஒன்றரை அடி. மாஹிம் பக்கம் யாருக்கும் ஒரு நாற்றமும் போகவில்லை. ஆனால் கடைசி போல்ட்டு திரும்பியபோது யாருக்கும் கேட்காமல் குனிந்து, "நீர் சொன்னதுதான் சரி வே" என்றேன். யாரும் நம்பமாட்டார்கள். அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம். அங்கே யாரிடமும் சொல்லிவிடாதேயும்.

உம் செல்விக்குச் சித்தப்பனும், உம்மேல் பொறாமை தீராத இளைய சகலையுமான,
சுடலைமுத்து