கிழவர்களுக்கு ஒரு பிடி உமி

உன் பிஸ்கட் டப்பா இப்போது என் மேசையில் இருக்கிறது. திறந்தால் இன்னும் பெட்டை எலிகளின் வாடை குப்பென்று அடிக்கிறது. மூடுகிறேன், நாலு நிமிடத்தில் மறுபடியும் திறக்கிறேன். மூன்று மாதமாக இதே வேலையாக இருக்கிறேன்.

நீ கண்ணை மூடிய பதினைந்தாம் நாள், ஆய்வுக்கூடத்தில் இருந்த உன் அலமாரியைக் காலி செய்ய உன் மனைவி வந்தார். ஒரு துண்டு, டிபன் பாக்ஸ், இந்த டப்பா. உள்ளே எலிக்கூண்டில் பரப்பும் உமி, அதுவும் அழுக்கானது. தூக்கிப் போடப் போனேன்.

"அத்த போடாதீங்கண்ணா. பௌர்ணமிக்கு எங்க கூட கடையில நின்னுனு இருக்கும்போதுகூட, 'இன்னிக்கு கிழவனுங்களுக்கு உமி போட ஆளு இல்லியே'னு பொலம்பினே இருப்பாரு," என்றார்.

டப்பாவை மூடி என் மேசைக்கு எடுத்துப் போனேன்.

அடி அண்ணாமலைப் பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. பிறகு நான் எலிகளின் மூளையை ஆராய்கிறவன் ஆனேன், நீ அங்கேயே கூண்டு சுத்தம் செய்ய வந்தாய். மற்றவர் முன்னால் "சார்", தனியாக இருந்தால் "இன்னாடா". என் வேலையை ஒருமுறை உனக்கு விளக்கினேன். மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளச் சுரக்கும் சின்னப் புரதத்துண்டுதான் நியூரோபெப்டைடு. அதில் ஒன்று உத்தரவு கொடுத்தால்தான் ஆண் ஹார்மோன் ஊறும். வயதாக ஆக அந்த உத்தரவு மெலிந்துவிடும். அதையே ஊசியாகப் போட்டால் கிழட்டு எலிக்கு ஹார்மோன் ஏறுமா என்பதுதான் என் கேள்வி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நமக்கும் ஒண்ணு போட்டுக்கலாமாடா, நாப்பத்தெட்டு ஆச்சே," என்றாய்.

ஏறியது. மருந்து போட்ட கிழவர்களுக்கு ஏறியது, வெறும் உப்புநீர் போட்டவர்களுக்கு ஏறவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் எடுத்த ரத்தத்தில் மட்டும் இறங்கியிருக்கும். கிரிவலக் கூட்டத்துக்கு டீக்கடை போட நீ லீவு எடுக்கும் சமயம் அது. மாற்று ஆள் கூண்டுகளைக் குழப்பிவிட்டான் என்று அந்த அளவுகளை ஒதுக்கிவைத்தேன். லீவு போட்டதற்கு உன்னையும் திட்டினேன்.

நீ சொல்லாமலும் இல்லை. "மருந்து உள்ள போனதும் மூலையில ஒடுங்கிடுதுங்கடா, பாவம். பொட்டைங்க கூண்டுலேந்து ஒரு புடி உமி போட்டா எழுந்து சுத்துதுங்க." நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சிரித்தேன். என்றோ ஒருநாள் செய்த குறும்பு என்று நினைத்தேன். பெட்டையின் வாடை மூக்கில் ஏறினாலே ஆண் எலியின் மூளையிலிருந்து அதே உத்தரவு கிளம்பிவிடும். வகுப்பில் இதைப் பாடம் நடத்துகிறவனே நான்தான்.

ஏறியது என் மருந்தாலா, உன் உமியாலா? ஐந்து வருட உழைப்புடா. கட்டுரை அச்சுக்குப் போகவிருந்தது. எந்தக் கூண்டுக்கு, எத்தனை நாள் போட்டாய் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. யாரிடம் போய்க் கேட்பேன்? உன்மேல் கோபம் வருகிறது, அடுத்த நொடியே என்மேல் வருகிறது. போன வாரம் செங்கம் சாலையில் ஆட்டோவில் போகும்போது வாய்விட்டே உன்னைத் திட்டிவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். மருந்து மட்டும் ஒரு வரிசை, உமி மட்டும் ஒரு வரிசை, இரண்டும் சேர்த்து ஒன்று, இரண்டும் இல்லாமல் ஒன்று என்று முதலிலிருந்து தொடங்குகிறேன். இன்று காலை முதல் ஊசி. மருந்து மட்டும் வாங்கிய கிழவன் நீ சொன்னபடியே மூலையில் ஒடுங்கிவிட்டான். உன்னைப்போல் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடுவேனோ என்று பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தக் கட்டுரையில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: 'கூண்டுகள் வழக்கம்போல் பராமரிக்கப்பட்டன.' அதைச் சுமந்துகொண்டுதான் அலைகிறேன். உன் வழக்கம் என்னவென்று அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் உன்னைக் கேட்டதில்லையேடா.