இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஆற்றுக்காற்று

என் ஸ்டெல்லாவுக்கு,

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதடி. நீ பார்க்காமல் போன தண்ணீர். உனக்குத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். என் பாப்பா தூங்கிய பிறகுதான் கை ஒழிந்தது.

கோடையில் நாம் அளந்ததெல்லாம் வெறும் மணல்மேல். அக்கரையில் ஓடத்துறைப் பக்கம் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் விளக்கு. இக்கரையில் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு ஜன்னலில் தொலைநோக்கி. அதன் வாயில் இரண்டு ஓட்டை போட்ட மூடி. அதனால் ஒரே விளக்கு பின்னால் பொருத்திய கேமராவில் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். தொலைநோக்கி ஆடினால் இரண்டும் சேர்ந்தே ஆடும். நடுவிலுள்ள காற்று சூடேறிக் கலங்கினால்தான் இடைவெளி மாறும். பாப்பா இப்போது தவழ்ந்து வந்து ஸ்டாண்டைப் பிடித்து உலுக்குகிறாள், ஆனால் அளவு கெடுவதில்லை. அந்த மூடியைச் செய்தபோது இவளை நினைத்தா செய்தாய்?

மணல் கொதித்த மதியங்களில் புள்ளிகள் துடித்த துடிப்பைப் பார்த்து, ஆற்றின் குறுக்கே ஒளியில் தகவல் அனுப்ப இந்தப் பாதை உதவாது, ஆற்றை விட்டுவிட்டு கே.கே. நகருக்குப் போய்விடலாம் என்றார் நம் பேராசிரியர். "தண்ணி வரட்டும் சார், காத்து அடங்கிடும், அப்புறம் பேசுங்க" என்று சண்டை போட்டாய். தண்ணீருக்கு முன்னால் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அன்றிலிருந்து பாப்பாவின் நெற்றியை எத்தனை முறை தொட்டுப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு வாரத்துக்குள் நல்ல அளவு வராவிட்டால் உன் பாதையை ஆய்விலிருந்து எடுத்துவிடுவதாக அவர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் உன் அம்மா போன் செய்தார்கள்.

"ஹேமா, லைட்டப் போட்டுட்டேன். தெரியுதாம்மா?"

"தெரியுதும்மா."

"உன் ஆளுங்க ரெண்டும் இன்னைக்குச் சும்மா இருக்கா, சண்டையா?"

சண்டையேதான். மணலில்கூட அப்படி இருந்ததில்லை. புள்ளிகள் கிழிந்து, நீண்டு, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கீழே அவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, பிறகு எப்படி? நீ சொன்னது தப்பா? உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? பேராசிரியருக்கே போன் செய்துவிடலாம் என்று எடுத்துவிட்டேன். சிக்னலுக்காக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் முகத்தில் அனல் அடிக்கிறது.

சன்ஷேடில், தொலைநோக்கியின் மூக்குக்கு நேர் கீழே, சாம்பிராணித் தூபக்கால்! பாப்பாவைக் குளிப்பாட்டித் தலைக்குப் புகை காட்டிய தணல். புகை அடங்கிவிட்டது, நெருப்பு அடங்கவில்லை.

"அத்தை! இதை யாரு இங்க வச்சது?"

"நான்தான். குழந்தைக்கு எட்டாத எடத்துல வையுங்க, கூடத்துல வேண்டாம், அடுப்படியில வேண்டாம்னு உயிரை எடுத்தது யாரு? இனிமே தலையில வச்சுக்கட்டுமா?"

சிரிப்பு வந்துவிட்டது. என் பயம்தான், ஸ்டெல்லா, உன் காவிரியையே கொதிக்க வைத்துவிட்டது. தூபக்காலைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். சுவர்ச் சூடும் ஆறட்டும் என்று காத்திருந்து திரும்பப் பார்த்தேன். இரண்டு புள்ளிகளும் அப்படியே அடங்கி நின்றன. இலேசான ஒரு நடுக்கம், அவ்வளவுதான். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். கொளுத்துகிற மதிய வெயிலில், மணலில் துடித்த அதே பாதையில்.

இன்று காலை பேராசிரியர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஆத்துப் பாதை இருக்கட்டும்மா. தண்ணி இருக்கிற வரைக்கும் தினமும் எடுங்க" என்றார். ஆய்வுக் கட்டுரையில் உன் பெயர் முதலில் வரும் என்றும் சொன்னார்.

உன் அம்மாவிடம் சொன்னேன். பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப நாளைக்கும் லைட்டுப் போடணுமாம்மா?" என்றார்கள்.

"தை மாசம் வரைக்கும் போடணும்மா."

"போடுறேன். எனக்கு என்ன வேலை? நீ குழந்தையைப் பாத்துக்க."

நீ போன பிறகு அந்த மாடிக்கே ஏறாமல் இருந்தவர்கள். எனக்கு அது போதும். இங்கே தண்ணீர் நிற்கும்வரை மதியம் தவறாமல் கூப்பிட்டு அவர்களை மாடிக்கு ஏற வைப்பேன். தண்ணீர் நின்ற பிறகும் கூப்பிடுவேன், அதற்கு ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடிக்கிறேன். 

உன் அம்மாவுக்கு இக்கரையில் இருக்கும் இன்னொரு மகள்,
ஹேமா