தொட்டில் நிதியில் ஒரு நாலு வயதுக்காரி

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதருக்குப் படி ஏறுவதே பிழைப்பு என்பதை யாரிடம் சொல்லி அழ. அங்கே நீ இருமல் நின்று, வேளைக்குச் சாப்பிட்டு, போர்வைக்கு வெளியே கால் நீட்டாமல் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் லென்ஸ் கம்பெனி முற்றத்தில் ஐம்பத்தேழு பேருக்கு முன்னால் நின்று, நாங்கள் தத்தெடுக்கப் போகும் குழந்தைக்காகப் பண உதவி கேட்டேன். அப்போது உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். நான் பெறாத ஒரு பெண் பதினொரு வயதிலிருந்து என் கையில் வளர்ந்து இன்றைக்குக் கடல் தாண்டிப் படிக்கிறாள் என்று சொன்னால் எதிர்த்துப் பேச வந்தவருக்கு வாய் அடைத்திருக்கும். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு “சித்தி, நீங்க எத்தனை நாள் இருப்பீங்க” என்று கேட்டதும், “இந்த மாசம் முழுக்க இருக்கேன், அப்புறம் பேசிக்கலாம்” என்று நான் சொன்னதும், அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒவ்வொரு முதல் தேதியும் நீ வந்து “இந்த மாசமும் உண்டுதானே” என்று கேட்டுப் புதுப்பித்துக்கொண்டதும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். அது நம் வீட்டுக்குள் நடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு மேஜை மேல் வைத்துப் பணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம் கேட்காமல் உன் கதையைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் “பணம் எல்லாம் ரெடியா” என்று நீ கேட்டாய், ரெடி என்றேன். பொய். மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உண்மையைச் சொன்னால் நீ கேன்டீனில் இன்னொரு ஷிப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குத் தூங்கி வழிந்துகொண்டு போவாய் என்று எனக்குத் தெரியும். குழந்தைக்கு விலை கிடையாது, ஆனால் குழந்தையிடம் போய்ச் சேருகிற வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ரசீது இருக்கிறது. பதிவுக் கட்டணம், வீட்டை வந்து பார்ப்பவருக்குக் கட்டணம், வக்கீல், எங்கள் இரண்டு பேருக்கும் குழந்தைக்கும் மருத்துவப் பரிசோதனை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தை இருக்கிற ஊரில் பத்து நாள் தங்கிப் பழக வேண்டும் என்ற விதி, இரண்டு தடவை. வங்கியில் கடன் கேட்டேன். படிவத்தில் கார் இருக்கிறது, வீடு இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, இது இல்லை. கவுண்டரில் இருந்த பையன் ரொம்ப நேரம் கணினியைப் பார்த்துவிட்டு “மேடம், மற்றவைன்னு போட்டா வட்டி ஜாஸ்தி, கார்னு போட்டுடவா” என்று கேட்டான். நான்கு வயதுக் குழந்தையைக் கார் என்று எழுதிக் கையெழுத்துப் போட என் கை வரவில்லை. தத்தெடுப்பவர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதினேன், இந்த வருஷத்துப் பணம் தீர்ந்துவிட்டது, அடுத்த வருஷம் முதல் ஆளாக வாருங்கள் என்று அன்பாகப் பதில் வந்தது. உன் அத்தை, உன் அப்பாவின் அக்காதான், “பையனா இருந்தா பாதிய நானே குடுக்கறேன்டா” என்று உன் அப்பாவிடம் சொன்னாள். “பொண்ணுன்னா காலாவது குடுப்பியாக்கா” என்று உன் அப்பா திருப்பிக் கேட்டதில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. குழந்தை இருக்கிற காப்பகத்து மேடமோ, “புதன்கிழமைக்குள்ள கட்டலன்னா உங்க ஃபைல் வரிசையில கடைசிக்குப் போயிடும்மா, குழந்தை அடுத்த வீட்டுக்குப் போயிடும், இதுல என் கையில ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டார். நாங்கள் அந்த இரண்டு தடவையும் போய்த் தங்கிக் குழந்தையோடு பழகிவிட்டோம். உன் அப்பா லிஃப்ட் வேலை பார்க்கிறவர் என்று தெரிந்ததும் அவள் கேட்ட ஒரே கேள்வி, “மேல போனவங்க எல்லாரும் திரும்பி வருவாங்களா?” வருவாங்க, நான்தான் கூட்டிட்டு வருவேன் என்று அவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அப்புறம் எங்கே அடுத்த வீடு.

எங்கள் கம்பெனியில் தொட்டில் நிதி என்று ஒன்று இருப்பது உனக்குத் தெரியும், மாதம் ஒரு மணி நேரச் சம்பளத்தை எல்லோரும் அதில் போடுவோம், யாருக்காவது குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரிச் செலவு அதிலிருந்து போகும். பதினான்கு வருஷமாக நானும் போடுகிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நிதிக்குச் செயலாளர் எங்கள் ஸ்டோர்காரர். அவரிடம் போய் நின்றால் படிவத்தை நீட்டினார், அதில் பிரசவ தேதி என்று ஒரு கட்டம், குழந்தையின் எடை என்று ஒரு கட்டம். பதினாலு கிலோ என்று எழுதினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். “இது விதியில இல்ல, ஆனா விதியில இல்லன்னும் இல்ல, சபைக்குக் கொண்டு போவோம்” என்றார். சபை என்றால் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், இரண்டு கொட்டகைக்கும் நடுவில் இருக்கிற முற்றம். ஓட்டுப் போடுகிற முறைதான் விசேஷம். ஸ்டோர் அறைக்குள் கழித்துப் போட்ட லென்ஸ்களுக்கு இரண்டு தொட்டி இருக்கிறது, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்புக் கண்ணாடிக்கான லென்ஸ். சம்மதம் என்றால் வெள்ளையில் ஒன்று, சம்மதமில்லை என்றால் கறுப்பில் ஒன்று, கைக்குள் மூடிக் கொண்டு வந்து துணி போர்த்திய தட்டுக்குள் வைக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை விழுந்தால் பணம் உண்டு. உதவி கேட்டவர் தூரமாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்க வேண்டும், எண்ணி முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. முன்பு ஒருவர் எண்ணும்போது ஓவென்று அழுது இரண்டு பேரின் மனதை மாற்றிவிட்டாராம், அதிலிருந்து இந்த விதி.

நான் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், உனக்குத் தெரியும் எனக்கு எழுத்துத்தான் வரும். ஐம்பத்தேழு முகத்தைப் பார்த்ததும் தாளை மடித்துவிட்டேன். பொண்ணு, நாலு வயசு, புதன்கிழமைக்குள்ள பணம் கட்டணும் என்று மட்டும் சொன்னேன். உடனே ஓரம் தேய்க்கும் பிரிவின் பெரியவர் எழுந்தார். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வீட்டிலும் கத்துகிற மனிதர், நாங்கள் அவரைப் பீரங்கி என்போம். “பெத்தாத்தான் ஆஸ்பத்திரி பில்லு, எடுத்து வளர்க்கறதுக்கு என்னம்மா பெரிய செலவு? நாளைக்கு நாய்க்குட்டி எடுத்துட்டு வந்து ஒருத்தன் கேட்டா குடுப்பீங்களா?” என்றார். மூன்று பிரசவத்துக்கும் இதே நிதியில் பணம் வாங்கிய பேக்கிங் அக்கா விடவில்லை. “உங்க நாலாவது பையனுக்குக் குடுத்தப்ப நாங்க ஏதாவது கேட்டமா அண்ணே, அவன் பண்ற சேட்டைக்கு நாய்க்குட்டி தேவல” என்றாள். முற்றமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் உன்னை விழுங்கிக்கொண்டு நின்றது அப்போதுதான்.

வரிசையாகப் போய் ஓட்டுப் போட்டார்கள். ஸ்டோர்காரர் துணியை எடுத்துவிட்டு, எண்ணிக்கை சரியா என்று பார்க்க முதலில் வருகைப் பதிவை வாசித்தார், ஐம்பத்தேழு பெயரையும், இனிஷியலோடு. உச்சி வெயில். வாசித்து முடித்துத் தட்டைக் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. எண்ணினார், மறுபடி எண்ணினார். கறுப்பு நாற்பத்தொன்பது, வெள்ளை எட்டு. நாற்பத்தொன்பது பேர். தினம் என்னோடு சாப்பிடுகிறவர்கள். உன் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன், அவர் அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வார் என்றுகூடப் போய்விட்டது மனம். அப்போது ஸ்டோர்காரர் நம்ப முடியாமல் ஒரு லென்ஸை எடுத்து வானத்துக்குக் காட்டிப் பார்த்தார். பழக்க தோஷம், யார் லென்ஸைத் தூக்கினாலும் என் கண் அங்கே போய்விடும், பதினான்கு வருஷமாகக் கீறல் பார்ப்பதுதானே வேலை. அந்தக் கறுப்பு லென்ஸின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெளுப்பு இருந்தது. இன்னொரு லென்ஸ் மேலே கிடந்து வெயிலை மறைத்த இடம். சாயம் போட்ட கறுப்பு லென்ஸில் அப்படி வரவே வராது. வெயில் பட்டால் கறுத்து நிழலுக்கு வந்தால் வெளுக்கிற புது ரகம் ஒன்று சோதனைக்கு வந்திருந்தது, அதைத் தொட்டது என் மேஜையும் பூச்சு அறையும் மட்டும்தான். அதில் கழித்ததைத் தனிப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. அன்று காலை என் பேச்சை மனப்பாடம் பண்ணிக்கொண்டே அத்தனையையும் வெள்ளைத் தொட்டியில் கொட்டியவள் நான்தான்.

வாய் திறந்தால் விதி மீறல், உத்தரவை மீறியதும் வெளியே வரும். திறந்தேன். “அது கறுப்பு இல்ல, உள்ள கொண்டு போங்க, நிழலுக்குக் கொண்டு போங்க, தப்பு என்னுது” என்று கத்தினேன், என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஸ்டோர்காரர் “பேசிட்டாங்க, கேட்டவங்க பேசிட்டாங்க, விதிப்படி செல்லாது” என்று ஆரம்பித்தார். அப்போது பீரங்கி வெடித்தார். “விதிய மடிச்சு பாக்கெட்ல வைய்யா. நான் வெள்ளைதான் போட்டேன், என் வெள்ளை எங்க? எட்டுல என்னுது இல்ல, நான் போட்டதுல மூக்குப் பக்கம் கீறல் இருந்துச்சு!” எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பேக்கிங் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அப்ப நாய்க்குட்டின்னு கத்துனது யாரு அண்ணே” என்றாள். “கேள்வி கேக்கறது வேற, ஓட்டுப் போடறது வேற, கேக்காம குடுத்தா நாளைக்கு அந்தப் பொண்ணையே யாராவது சொல்லிக் காட்டுவான், கேட்டுட்டுக் குடுத்தா எவனும் பேச முடியாது” என்று சொல்லிவிட்டு அவரே தட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் அறைக்குள் போனார்.

ஜன்னல் இல்லாத அறை, ஒரே ஒரு டியூப்லைட். உள்ளே கொள்ளுமட்டும் நுழைந்து, மற்றவர்கள் வாசலில் ஒருவர் தோள் மேல் ஒருவர் எட்டிப் பார்த்தபடி நின்றோம். முதல் நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் கிடந்த ஒன்று தேநீர் நிறத்துக்கு வந்தது, பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இரண்டு. நான் எத்தனையோ படித்திருக்கிறேன், ஒரு தீர்ப்பு கண் முன்னால் தானே நிறம் மாறுவதை எங்கேயும் படித்ததில்லை. பேக்கிங் அக்கா அந்த எட்டோடு சேர்த்துச் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள், இருபதுக்கு மேல் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், முப்பத்தெட்டாவது வந்தபோது, அதுதான் மூன்றில் இரண்டு பங்கு, தகரக் கூரை அதிரக் கைதட்டினார்கள், இன்னும் வெளுத்துக்கொண்டே இருந்தது. மூக்குப் பக்கம் கீறல் இருந்ததைப் பீரங்கி கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டினார். கடைசியில் ஐம்பத்து நான்கு. மூன்று மட்டும் கறுப்பாகவே இருந்தன. அந்த மூன்று பேர் யாரென்று எனக்குத் தெரிய வேண்டாம், அவர்களும் மாதாமாதம் அதே ஒரு மணி நேரச் சம்பளத்தைப் போட்டவர்கள்தான். ஸ்டோர்காரர் பிரசவ தேதி என்ற கட்டத்தில் “வரவிருக்கிறது” என்று எழுதி முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை பணம் கைக்கு வந்தது, செவ்வாய்க்கிழமை காலை காப்பகத்துக்குக் கட்டிவிட்டோம், ஒரு நாள் மிச்சம் வைத்து. அன்று மாலையே சோதனை லென்ஸை இடம் மாற்றி வைத்ததற்காக மேனேஜர் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். என் வாழ்க்கையின் முதல் மெமோ. உன் அப்பா அதை ஃபிரேம் போட வேண்டும் என்கிறார். மெமோ கொடுத்த கையோடு மேனேஜர், குழந்தை வந்ததும் பிரசவ லீவு மாதிரியே ஆறு வாரம் எடுத்துக்கொள்ளலாம், மேலிடத்தில் கேட்டுவிட்டேன் என்றும் சொன்னார். இனிமேல் படிவத்திலும் தத்தெடுப்புக்கு என்று ஒரு கட்டம் போடப் போகிறார்களாம், பூச்சு அறையில் வேலை பார்க்கிற ஒரு தம்பதி அதைப் பற்றி என்னிடம் மெதுவாக விசாரித்தார்கள். உன் அத்தை நேற்று வந்தாள், பையனா என்று கேட்கவில்லை, ஒரு சின்ன மெத்தையை இறக்கிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனாள். அவளும் உன் அப்பாவும் இன்னும் பேசவில்லை, என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள், எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. உன் அறையைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. என் புத்தக அலமாரியைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டு அந்த மூலையில் கட்டில் போட்டிருக்கிறோம், உன் அறை உன்னுடையது, நீ வந்து கொடுக்க நினைத்தால் கொடு.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், நீ நடுவில் நூறு கேள்வி கேட்டு என்னை முடிக்க விட்டிருக்க மாட்டாய். கேன்டீனில் கூடுதல் ஷிப்ட் எடுக்காதே, எடுத்திருந்தால் விட்டுவிடு. தலைவலி என்று மூன்று தடவை சொல்லிவிட்டாய், லென்ஸ் கம்பெனிக்காரியின் பெண் பழைய பவரோடு அலைவது எனக்கு அவமானம், இந்த வாரமே கண்ணைக் காட்டிவிட்டுச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பு. நீ நினைத்த படிப்பு நினைத்தபடி முடிந்து, கை நிறைய வேலையும் மனம் நிறைய நிம்மதியுமாக நூறு வயது இருக்க வேண்டும். உன் அப்பாவின் ஆசியும் இதோடு, அவர் எழுத மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லு அதைச் சொல்லு என்று படுத்துகிறார்.

என்றும் உன் நலம் நாடும்,
சித்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள், குழந்தையை அனுப்புவதாகக் காப்பகத்தில் சொன்ன திங்கட்கிழமை வந்துவிட்டது. காலை பதினொன்றே காலுக்கு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். செருப்பை எங்கே வைப்பது என்று கேட்டாள். சாப்பிட்டாள். இப்போது தூங்குகிறாள்.